மூன்று வரை எண்ணுதல்

அக்டோபர் முடிவதற்குள் கோடைக்காரர்கள் போய்விட்டார்கள்.
சன்னலுக்குப் பலகை அடித்தார்கள், எலிப்பொறி வைத்தார்கள்,
காரில் ஏறும்முன் ஏரியைப் பார்த்துக் கையசைத்தார்கள்,
வழியனுப்ப வந்த உறவுக்காரர் போல
அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அக்கரையில் இப்போது ஒரு விளக்கு.
இக்கரையில் இரண்டு,
என்னுடையதும் அர்மாஸுடையதும்.

ஏரிக்கு ஒரு பெயர் உண்டு.
நவம்பரில் அதை யாரும் உச்சரிப்பதில்லை.

மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது.
காலையில் விறகு, மதியம் சூப்,
பிறகு கண்ணாடிக்கு அப்பால் சாம்பல் தண்ணீர்,
சாம்பல் வானம், எது எதிலிருந்து தொடங்குகிறது என்று
பார்த்துக்கொண்டிருக்கும் வேலை.
ஓர் அன்னக்குடும்பம் இன்னும் கிளம்பவில்லை.
குஞ்சுகளின் சிறகுக்குப் போதுமான வலு வரவில்லை போலும்.
தாயும் தகப்பனும் அவசரப்படுத்தாமல்
கரையோரம் தலைகீழாகி மேய்கின்றன.

ஒன்றுவிட்ட செவ்வாய்களில் நூலகப் பேருந்து வரும்.
"மறுபடியும் கொலைக்கதையா?" என்பாள் ரைலி.
"ஆமாம், நான் கண்டுபிடிக்க முடியாததாகக் கொடு."
இரண்டு வாரத்தில் என் குரல்
எனக்குக் கேட்பது அன்றைக்குத்தான்.

அர்மாஸோடு பேச்சு இல்லை.
அவர் வீட்டு வெயிலை மறைத்ததென்று
என் பிர்ச் மரத்தை, நான் ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை
வெட்டிச் சாய்த்தார். மூன்று வருடமாகிறது.
விறகை மட்டும் ஒழுங்காக அடுக்கி
என் வாசலில் வைத்திருந்தார்.
அர்மாஸ் என்றால் எங்கள் மொழியில் அன்புக்குரியவர்.
பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

ஆனால் மரத்துறை இருவருக்கும் பொது.
சண்டைக்கு முன்னால் சேர்ந்து கட்டியது,
பாதி அவர் ஆணி, பாதி என் பலகை.
தண்ணீரிலேயே விட்டுவைத்தால்
பனிக்கட்டி அதன் கால்களை முறித்துவிடும்.
அதனால் ஒவ்வொரு நவம்பரும் ஒரு நாள்
ரப்பர் பூட்ஸோடு வந்து நிற்பார்.
நானும் இறங்குவேன்.
இடுப்பளவு குளிரில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து,
நான் எண்ணுவேன்:
ஒன்று. இரண்டு. மூன்று.
இழுப்போம்.
மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று.
வருடத்திற்கு ஏழெட்டுத் தடவை மூன்று சொற்கள்,
எங்களுக்குள் மிஞ்சிய மொழி முழுவதும் அவ்வளவுதான்.

இந்த வருடம் அவர் வரவில்லை.
கரையோர நாணலில் கண்ணாடி போல் ஏடு கட்டத் தொடங்கியும்
வரவில்லை.
புகைபோக்கியில் புகை இருந்தது,
ஆகவே ஆள் இருந்தார்.

வியாழக்கிழமை மோட்டார் சத்தம்.
போய்ப் பார்த்தால், பைன் மரத்தில் சங்கிலியால் கட்டிய
புத்தம்புதிய சிவப்பு இழுவை எந்திரம்.
கம்பிவடம் விறைத்து நிற்க
மரத்துறை தானாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது,
நாய்க்குட்டி போல, பணிவாக.
அர்மாஸின் கால் நனையவில்லை.
கையில் ஒரு விசை, விரலால் அழுத்தும் அளவு.

பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்த நான்
வேலி இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றேன்.
என்ன செய்வதென்று தெரியாமல்,
பழக்கத்தில்,
வாய்க்குள்ளேயே எண்ணினேன்.
ஒன்று.
இரண்டு.

மோட்டார் நின்றது.

வடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.
அவர் என் பக்கம் திரும்பவில்லை,
விசையின் மேல் விரல் மட்டும்
காத்துக்கொண்டிருந்தது.

"மூன்று" என்றேன், தேவைக்கு அதிகமாகவே உரக்க.

அழுத்தினார்.

பிர்ச் மரத்தைப் பற்றி
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றிரவு காற்று இல்லை.
கரையோரம் தண்ணீர் உறையும் ஓசை,
பக்கத்து அறையில் யாரோ
பழைய கடிதங்களை நிதானமாக மடிப்பது போல.
ரைலி கொடுத்த புத்தகத்தில் நூற்றுப்பத்தாம் பக்கம்.
கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது எனக்கு.
இருந்தாலும் அடுப்பில் ஒரு கட்டை போட்டுவிட்டு,
பிர்ச் கட்டைதான், நன்றாகவே எரிகிறது,
மேலே படிக்கிறேன்.